‘எதிர்ப்பு சக்தி’ ஏறினால் நல்லதா? ஹெல்பர் டி செல்கள் சொல்வது வேறு கதை!

மருந்துக் கடையில் போய் ‘இம்யூனிட்டி பூஸ்டர்’ என்று கேட்டுப் பாருங்கள். பொடி, மாத்திரை, டீத்தூள், லேகியம், குழந்தைகளுக்கான சாக்லேட் பானம் என்று ஒரு அலமாரியே காட்டுவார்கள். கொரோனா காலத்தில் சூடு பிடித்த இந்த வியாபாரம், தொற்று அடங்கிய பிறகும் அடங்கவில்லை. லேசாகத் தும்மினாலே ‘எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கு போல’ என்று வீட்டில் ஒருவர் ஆரம்பித்துவிடுகிறார்.

எதை பூஸ்ட் செய்யப் போகிறோம் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

இதில் தமிழுக்கு ஒரு கூடுதல் சிக்கலும் உண்டு. ‘நோய் எதிர்ப்பு சக்தி’ என்று சொல்லும்போதே அது செல்போன் பேட்டரி மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. 20 சதவீதம் என்றால் ஆபத்து, 100 சதவீதம் என்றால் நிம்மதி. பள்ளிப் பாடப்புத்தகம் பயன்படுத்தும் ‘நோய்த்தடைக்காப்பு’ என்ற சொல் வாயில் நுழையாவிட்டாலும் எவ்வளவோ மேல். காப்பு என்பதில் ஏறுவது, இறங்குவது என்ற கணக்கு இல்லை. எதை அடிக்க வேண்டும், எதை விட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற பொறுப்புதான் இருக்கிறது.

அந்தப் பொறுப்பில் பெரும் பகுதியைத் தலையில் சுமப்பவைதான் ஹெல்பர் டி செல்கள்.

யார் இந்த ஹெல்பர்?

கல்யாண மண்டபத்தில் சமையல் மாஸ்டர் இருப்பார், பந்தி பரிமாறுபவர்கள் இருப்பார்கள், வாசலில் பன்னீர் தெளிப்பவர்கள் இருப்பார்கள். இவர்கள் எல்லோரையும் ஓடவிட்டுக்கொண்டு ஒரு பெரியப்பா நடமாடிக்கொண்டிருப்பார். அவர் கையில் கரண்டி இருக்காது. ஆனால், அவர் ஒரு மணி நேரம் காணாமல் போனால் பந்தி குழம்பிவிடும்.

ஹெல்பர் டி செல் அந்தப் பெரியப்பா. ரத்த வெள்ளை அணுக்களில் ஒரு வகை. எலும்பு மஜ்ஜையில் பிறந்து, நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் பாடம் படித்து வெளியே வருகிறது. மேல்பரப்பில் சிடி4 என்ற புரதம் இருப்பதால் சிடி4 செல் என்றும் சொல்வார்கள். பொதுவாகக் கிருமியை இது நேரடியாகக் கொல்வதில்லை. கிருமியின் துண்டு ஒன்றை வேறொரு செல் கொண்டுவந்து காட்டும்போது அடையாளம் கண்டுகொண்டு, சைட்டோகைன் எனப்படும் வேதித் தகவல்களை அனுப்புகிறது. ‘நீ ஆன்டிபாடி தயாரி’ என்று பி செல்லுக்கு ஒரு உத்தரவு. ‘நீ விழுங்கியதைச் செரி’ என்று மேக்ரோபேஜுக்கு ஒரு உத்தரவு. பாதிக்கப்பட்ட செல்களைக் கொல்லும் இன்னொரு வகை டி செல்லும் முழுத் திறனோடு வேலை செய்ய இதன் உதவி வேண்டும்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் 1981-ல் பார்த்தது. லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து இளைஞர்களுக்கு ஒரு விநோதமான நிமோனியா. ஆரோக்கியமான உடலில் வாலாட்டாத ஒரு பூஞ்சை, அவர்களின் நுரையீரலை நிரப்பியிருந்தது. பிறகு எய்ட்ஸ் என்று பெயர் பெற்ற அந்த நோயின் வைரஸ், சிடி4 புரதத்தையே கதவாகப் பயன்படுத்தி ஹெல்பர் செல்லுக்குள் நுழைகிறது. 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி நிர்மலாவுடன் சேர்ந்து இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளை உறுதி செய்தார். இன்றும் எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களுக்கு ‘சிடி4 எவ்வளவு?’ என்பது மிகப் பழகிய கேள்வி. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 500 முதல் 1,500 வரை இருக்க வேண்டியது 200-க்குக் கீழே இறங்கினால், சாதாரணக் கிருமிகளே உயிருக்கு உலை வைக்கும்.

‘அப்படின்னா இந்தச் செல்களை நல்லா தட்டி எழுப்பினா உடம்புக்கு நல்லதுதானே?’ நியாயமான கேள்விதான். இதற்கான பதில் லண்டனில் கிடைத்தது. கொடூரமாகக் கிடைத்தது.

2006 மார்ச் 13, லண்டன்

நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில் இருந்த தனியார் ஆய்வுக் கூடம் ஒன்றில், ஆரோக்கியமான எட்டு ஆண்கள் பணத்துக்காக ஒரு மருந்துப் பரிசோதனையில் சேர்ந்திருந்தார்கள். மருந்தின் பெயர் டிஜிஎன்1412. ஆறு பேருக்கு மருந்து, இரண்டு பேருக்கு வெறும் திரவம்.

டி செல் வேலையைத் தொடங்க வழக்கமாக இரண்டு சாவிகள் வேண்டும். கிருமியின் துண்டை அடையாளம் காண்பது முதல் சாவி. ‘ஆமாம், இது நிஜமான ஆபத்துதான்’ என்று உறுதி செய்யும் சிடி28 என்ற புரதம் இரண்டாவது சாவி. டிஜிஎன்1412 இந்த இரண்டாவது சாவியை மட்டும் பிடித்துத் திருகி, முதல் சாவி இல்லாமலேயே வண்டியைக் கிளப்பக்கூடிய ஆன்டிபாடி. இதை உருவாக்கியவர்களின் நோக்கம் நல்லதுதான். அழற்சியை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கி, முடக்குவாதம் போன்ற நோய்களுக்கும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கும் தீர்வு காண முடியும் என்று நினைத்தார்கள். குரங்குகளுக்குக் கொடுத்தபோது பிரச்சினை எதுவும் வரவில்லை. மனிதர்களுக்குக் கொடுத்தது, குரங்குகளுக்குப் பாதுகாப்பாக இருந்த அளவில் 500-ல் ஒரு பங்கு மட்டுமே.

ஒன்றரை மணி நேரத்துக்குள் தலைவலி, முதுகுவலி, வாந்தி, காய்ச்சல். அதன்பின் ரத்த அழுத்தம் சரிந்தது. நுரையீரலில் நீர் கோத்தது. சிறுநீரகங்கள் தடுமாறின. ஆறு பேரும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன ‘சைட்டோகைன் புயல்’ அன்றைக்கு ஆறு உடல்களுக்குள் அடித்தது. ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஆனால், ஒருவர் கால் விரல்களையும் கைவிரல் நுனிகளையும் இழந்தார்.

குரங்குகளுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? பின்னால் நடந்த ஆய்வுகள் காரணத்தைக் காட்டின. ஏற்கெனவே கிருமிகளைச் சந்தித்து அனுபவம் பெற்ற ஹெல்பர் டி செல்களில், மனிதர்களுக்கு சிடி28 உண்டு. பரிசோதனைக்குப் பயன்பட்ட அந்தக் குரங்கு இனத்தில், அதே செல்கள் சிடி28-ஐ இழந்துவிடுகின்றன. குரங்கில் திருக சாவியே இல்லை. மனிதர்களில் லட்சக்கணக்கான செல்கள் ஒரே நேரத்தில் கிளம்பிவிட்டன.

பூஸ்டர் விளம்பரம் சொல்வதை ஒரு மருந்து நிஜமாகவே செய்து காட்டினால் இப்படித்தான் இருக்கும். கடையில் விற்கும் பொடிகள் அப்படி எதையும் செய்வதில்லை என்பதே வாங்குபவர்களின் அதிர்ஷ்டம்.

ஒரே பெயர், பல கட்சிகள்

1986-ல் அமெரிக்காவில் டிம் மோஸ்மேன், ராபர்ட் காஃப்மேன் என்ற இரு விஞ்ஞானிகள் எலிகளின் ஹெல்பர் செல்களை ஆராய்ந்தபோது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இவற்றில் இரண்டு கட்சிகள் இருப்பதைக் கண்டார்கள். டிஹெச்-1 கட்சி இன்டர்ஃபெரான் காமாவைச் சுரந்து, செல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமிகளை ஒழிக்க மேக்ரோபேஜ்களை உசுப்புகிறது. காசநோய்க் கிருமி இதன் பரம எதிரி. டிஹெச்-2 கட்சி குடற்புழுக்களைச் சமாளிக்க உதவுகிறது. அதே டிஹெச்-2 தப்பான நேரத்தில் தலைதூக்கினால் ஆஸ்துமா, அலர்ஜி, தோல் அரிப்பு.

கட்சி மாறினால் நோயே மாறிவிடும் என்பதற்குத் தொழுநோயைவிட நல்ல சாட்சி கிடையாது. கிருமி ஒன்றுதான். டிஹெச்-1 பக்கம் சாய்ந்தவருக்கு உடலில் சில தேமல்கள், அவற்றில் கிருமிகள் மிகக் குறைவு. டிஹெச்-2 பக்கம் சாய்ந்தவருக்கு உடல் முழுக்கத் தடிப்புகள், அவற்றில் கணக்கில்லாத கிருமிகள். இரண்டாமவருக்கு எதிர்ப்பு சக்தி ‘கம்மி’ என்று சொல்ல முடியாது. அவர் உடல் ஆன்டிபாடிகளைக் கொட்டித் தீர்க்கிறது. இந்தக் கிருமிக்கு அது உதவாது, அவ்வளவுதான். முதலாமவரும் முழுமையாகத் தப்பிப்பதில்லை. கிருமியை அடக்கும் அதே அழற்சி, பக்கத்தில் ஓடும் நரம்பையும் சேர்த்துப் பொசுக்குகிறது. கையில் உணர்ச்சி போவது அதனால்தான். நிஜ உடல் இந்த அளவுக்குக் கறாராக இரண்டாகப் பிரிவதில்லை, இடைப்பட்ட நிலைகள் நிறைய உண்டு. ஆனாலும், சக்தி கூடுதலா குறைவா என்ற கேள்வியே அர்த்தமற்றது என்று காட்ட இந்த ஒரு நோய் போதும்.

இரண்டு கட்சிக் கணக்கு கொஞ்ச காலத்தில் உதைக்கத் தொடங்கியது. தன்னுடலையே தாக்கும் நோய்களுக்கு டிஹெச்-1தான் காரணம் என்று நம்பியிருந்தார்கள். ஆனால், அதன் முக்கிய ஆயுதமான இன்டர்ஃபெரான் காமா இல்லாத எலிகளுக்கு, மூளை அழற்சி நோய் குறைவதற்குப் பதிலாக மோசமானது. அப்படியென்றால் குற்றவாளி வேறு யாரோ! 2005-ல் அந்த மூன்றாவது கட்சி பெயரோடு வெளியே வந்தது: டிஹெச்-17. இன்டர்லூகின்-17 என்ற சைட்டோகைனைச் சுரப்பது. சொரியாசிஸ், முதுகுத்தண்டை இறுக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் போன்ற நோய்களில் இந்த இன்டர்லூகினுக்குப் பெரிய பங்கு உண்டு.

வில்லன் என்று நினைத்தால் காவலாளி

இன்டர்லூகின்-17-ஐத் தடுக்கும் ஊசி 2015-ல் அமெரிக்காவில் சொரியாசிஸுக்கு அனுமதி பெற்றது. பல ஆண்டுகளாக முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்து வாழ்ந்த பலருக்குத் தோல் ஏறக்குறைய முழுமையாகத் தெளிந்தது. குடலைத் தாக்கும் கிரோன் நோயிலும் டிஹெச்-17 செல்கள் குவிந்திருக்கின்றனவே, அங்கேயும் இதே மருந்தைக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். நோய் குறையவில்லை. சிலருக்கு அதிகமானது. 2012-ல் வெளியான அந்த முடிவு துறையையே உலுக்கியது.

காரணம் இதுதான். குடலில் இன்டர்லூகின்-17 வெறும் கலகக்காரன் இல்லை. குடல் சுவர் கசியாமல் பார்த்துக்கொள்வதிலும், பூஞ்சைகளை எல்லையிலேயே நிறுத்துவதிலும் அதற்கு வேலை இருக்கிறது. தோலில் வில்லனாக இருப்பவன் குடலில் வாட்ச்மேன். இந்த ஊசி போடுபவர்களில் சிலருக்கு வாயில் வெள்ளைப் பூஞ்சை வருவதும் அந்த வாட்ச்மேன் லீவில் போனதன் அடையாளம்தான்.

இந்தியாவுக்கு இதைவிட நெருக்கமான கதை டிஎன்எஃப். முடக்குவாத மூட்டுகளில் கொதிக்கும் அழற்சிக்கு இந்த சைட்டோகைன் முக்கியமான எரிபொருள் என்று லண்டனைச் சேர்ந்த மார்க் ஃபெல்ட்மேனும் ரவீந்தர் மைனியும் காட்டினார்கள். அதைத் தடுக்கும் மருந்துகள் 1990-களின் கடைசியில் சந்தைக்கு வந்தன. கட்டிலில் முடங்கியவர்கள் எழுந்து நடந்தார்கள். மிகையில்லை, நிஜமாகவே நடந்தார்கள்.

2001-ல் ஒரு எச்சரிக்கை வந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற டிஎன்எஃப் தடுப்பு மருந்து எடுத்துக்கொண்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்திருந்ததை நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. பெரும்பாலும் எங்கிருந்தோ புதிதாக ஒட்டிய கிருமி இல்லை. உள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தது. காசநோய்க் கிருமியை உடல் எப்போதும் கொன்று முடிப்பதில்லை. பல நேரம் அதைச் சுற்றிச் செல்களால் கோட்டை கட்டி உள்ளே பூட்டிவைக்கிறது. அந்தக் கோட்டையைக் கட்டிக் காப்பதற்கு ஹெல்பர் செல்களின் உத்தரவும் வேண்டும், டிஎன்எஃப் என்ற சிமென்டும் வேண்டும். மூட்டுவலிக்காக சிமென்டைக் கரைத்தால் நுரையீரலில் சுவர் இடிகிறது.

உலகில் காசநோயால் பாதிக்கப்படுபவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு இந்தக் கிருமித் தொற்று இருப்பதாக 2019-21 தேசிய ஆய்வு சொல்கிறது. இவர்களில் பெரும்பாலானவர்களுக்கு வாழ்நாள் முழுக்க நோய் வராது, கோட்டை தாங்கும். எனவே, அழற்சியை அடக்கும் மருந்தை இங்கே ஒருவருக்குக் கொடுப்பதும் நார்வேயில் கொடுப்பதும் ஒன்றல்ல.

பிரேக்குக்குக் கிடைத்த நோபல்

ஆக்ஸிலரேட்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த துறையில் பிரேக்கைத் தேடியவர் ஜப்பானின் ஷிமோன் சாககுச்சி. சிடி4 செல்களிலேயே ஒரு சிறு பிரிவு மற்ற செல்களை அடக்கிவைக்கிறது, அதை நீக்கினால் எலியின் உடல் தன்னையே தாக்கத் தொடங்குகிறது என்று 1995-ல் அவர் காட்டினார். அப்போது பெரும்பாலானவர்கள் நம்பவில்லை. 2001-ல் அமெரிக்காவின் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல் இருவரும் ஃபாக்ஸ்பி3 என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது பழுதானால், பிறந்த சில மாதங்களிலேயே ஆண் குழந்தைகளுக்குச் சர்க்கரை நோய், குடல் அழற்சி, தோல் நோய் எல்லாம் ஒன்றாக வருகின்றன. சாககுச்சியின் செல்களை உருவாக்கும் மரபணுவும் இதுதான் என்று பிறகு தெரிந்தது. மூவருக்கும் 2025-ன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் குழந்தைகளுக்கு எதிர்ப்பு சக்தி குறைவில்லை. அடக்க ஆளில்லை.

சரி, 28 வயதுக்காரருக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. தன்னுடலைத் தாக்கும் நோய்களில் பல, வயதானவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும்தான் தொடங்குகிறது. காலையில் எழுந்ததும் முதுகு இறுகிக் கிடக்கும். உட்கார உட்கார அதிகமாகும், நடந்தால் குறையும். சாதாரண முதுகுவலிக்கு நேர் எதிர். ஆனால், ‘ஐடி வேலை, சேர் சரியில்லை’ என்று பலர் ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரையில் ஓட்டிவிடுகிறார்கள். அதற்குள் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்ட ஆரம்பித்திருக்கும்.

இன்னொரு கூட்டம் ஸ்டீராய்டில் சிக்குகிறது. ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, டெக்ஸாமெதசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்ததாகக் கண்டது. அதே ஆய்வில், ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் எந்தப் பலனும் இல்லை. அந்த இரண்டாவது வரியைப் படிக்காமல், லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு கொடுத்ததன் விலையை 2021-ல் இந்தியா பார்த்தது. கட்டுப்பாடற்ற சர்க்கரையும் தேவையற்ற ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை நுழைந்தது. ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், பலர் கண்ணை இழந்தார்கள்.

அதன் பிறகும் ‘ஒரே ஊசியில் மூட்டுவலி போச்சு’ என்பவர்களுக்குக் கூட்டம் குறையவில்லை. படர்தாமரைக்கும் முகம் வெளுக்கவும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமை மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கிப் பூசுகிறார்கள். பூசியதும் அரிப்பு நிற்கும். அது பூஞ்சை செத்ததால் அல்ல, கூச்சல் போட்ட காவலாளியின் வாயைக் கட்டியதால். பூஞ்சை நிம்மதியாகப் படரும். ஒரு பக்கம் பூஸ்டர் பொடி, மறுபக்கம் அடக்கும் ஸ்டீராய்டு என்று ஒரே பையில் இரண்டையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. கடைக்காரருக்கு இரண்டுமே லாபம்.

சத்தான உணவும் தூக்கமும் வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. ஊட்டச்சத்துக் குறைபாடு டி செல்களைப் பலவீனமாக்கும் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். காசநோய் ஏழைகளை அதிகம் தாக்க அதுவும் ஒரு காரணம். பூஸ்டர் என்ற பெயருக்கு உண்மையில் தகுதியான ஒன்றும் இருக்கிறது: தடுப்பூசி. அது மொத்த அமைப்பையும் உசுப்பிவிடுவதில்லை. குறிப்பிட்ட கிருமியின் அடையாளத்தைச் சில ஹெல்பர் செல்களுக்கும் பி செல்களுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறது. ‘எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்’ என்று டப்பாவில் அச்சடிக்கும் நிறுவனத்திடம், எந்தச் செல்லை, எவ்வளவு, யாருக்கு என்று கேட்கும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு இருக்க வேண்டும். கேட்க ஆரம்பித்தால் பாதி அலமாரி காலியாகிவிடும். முடக்குவாதமோ சொரியாசிஸோ உள்ளவர்கள் ‘இயற்கைதானே’ என்று இந்தப் பொடிகளை மருத்துவரிடம் சொல்லாமல் சாப்பிடுவது இன்னும் ஆபத்து. உள்ளே எதை அடக்க அவர் மருந்து எழுதுகிறாரோ, அதையே கிளப்பிவிடும் ஆசையோடு விற்கப்படும் பொருள் அது. ஸ்டீராய்டு மாத்திரையைப் பல வாரங்கள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது. உடலின் சொந்தச் சுரப்பு அதற்குள் தூங்கியிருக்கும். மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

டிஎன்எஃப் தடுப்பு மருந்துகளின் விலை முன்பு போல எட்டாத உயரத்தில் இல்லை. அடாலிமுமாப் என்ற மருந்தின் உலகின் முதல் பயோசிமிலர் வடிவம் 2014-ல் இந்தியாவில்தான் விற்பனைக்கு வந்தது. பயன்படுத்துவோர் பெருகப் பெருக, ஊசிக்கு முந்தைய சோதனைகளும் முக்கியமாகின்றன. மார்பு எக்ஸ்-ரேயோடு, முன்கையில் சிறு ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரம் கழித்துத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையும் அதில் ஒன்று. அந்தத் தடிப்பைத் தோலில் எழுப்புவதே, காசநோய்க் கிருமியை முன்பே சந்தித்து நினைவில் வைத்திருக்கும் ஹெல்பர் டி செல்கள்தான். அவை ஏற்கெனவே ஸ்டீராய்டால் அடக்கப்பட்டிருந்தால், உள்ளே தொற்று இருந்தாலும் கையில் தடிப்பு வராமல் போகலாம். கடையில் வாங்கிச் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையை அன்றைக்கு மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.